டிசம்பர் 23-க்கு ஸ்டார்கேஸி பை வாங்குபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சொல்லிவைத்திருக்கும் ஸ்டார்கேஸி பையை, அதாவது மீனை உள்ளே வைத்து மாவால் மூடிச் சுடும் பண்டத்தை, சுடாமல்தான் தருகிறோம். சுட்டு ஆறியதை மறுபடி சூடாக்கினால் மேல்மாவு நமுத்துவிடும். இந்தப் பைக்கு அந்த மொறுமொறுப்புதான் உயிர்.

மாவைத் துளைத்துக்கொண்டு மீன் தலை ஏன் வெளியே நிற்கிறது என்று பலரும் கேட்கிறீர்கள். இது இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலில் உள்ள மவுஸ்ஹோல் என்ற மீன்பிடி ஊரின் பண்டம் (ஊரார் வாயில் ‘மௌசல்’). ஒரு குளிர்காலத்தில் புயலால் படகு இறங்காமல் ஊர் பட்டினி கிடந்ததாம். டாம் பாகாக் என்ற மீனவர் துணிந்து போய் ஏழு வகை மீனோடு கரை திரும்பினார் என்பது அங்கு வழங்கும் கதை. அவர் பெயரில்தான் டிசம்பர் 23 திருநாள். தலையை நிமிர்த்தி வைப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம், சுடும்போது மீனில் கசியும் எண்ணெய் வழிந்தோடாமல் பைக்குள்ளேயே இறங்கும் என்பது.

அங்கே போடுவது பில்ச்சர்ட். நம் மத்திக்கு, தெற்கே சொல்லும் சாளைக்கு, உறவுக்கார மீன். நாலு பேருக்கான பையில் 6 மீன். செவுளை முழுக்க எடுத்துவிடுகிறோம். விட்டால் கசப்பு உள்ளே இறங்கிவிடும். தலையும் வாலும் இருக்க, நடுமுள்ளை மட்டும் உருவுகிறோம். பழைய மீன் இதற்கு ஆகவே ஆகாது: வயிறு கிழியும், தலை நிற்காமல் சாயும்.

உள்ளே வெங்காயம் 2, அரைவேக்காட்டு உருளைக்கிழங்கு 300 கிராம், அவித்த முட்டை 3, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, பாலும் கிரீமும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு. இவற்றோடு சேரும் பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். உப்பு சற்றுக் கூட்டினால் போதும், ருசி குறையாது. மேல்மாவு மைதா 300 கிராமுக்கு வெண்ணெய் 150 கிராம்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தவறுவது குழம்பில்தான். கரண்டியின் பின்புறத்தில் கெட்டியாக ஒட்டும் பதம் வராமல் இறக்கினால் அடியில் தண்ணீர் தேங்கும். குழம்பு முழுக்க ஆறாமல் மாவால் மூடினாலும் கெட்டது: வெண்ணெய் முன்பே உருகி, மாவு பொருபொருப்பாக வராமல் தோல் போல இழுக்கும்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை நேராக உள்ளே வையுங்கள். மாவுக்கு மட்டும் முட்டை தடவுங்கள். 15 நிமிடம் கழித்து 180-க்குக் குறைத்து இன்னும் 30 நிமிடம். தலைகள் கருகத் தொடங்கினால் அவற்றை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள். மாவை மூடினால் ஆவி தங்கிவிடும். நடுவில் கத்தி செருகி எடுத்தால் முனை கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும்.

வெட்டுமுன் 10 நிமிடம் ஆறட்டும். வாங்கிய அன்றே சுட்டுவிடுங்கள். உறையவைக்க வேண்டாம், உருளைக்கிழங்கு நீர்விட்டுக் குழம்பு பிரிந்துபோகும்.

அன்புடன்,
கடையார்