பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். சென்ற மாதம் இட்லி மாவு அரைத்து முடித்தபின், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றபடி என் மாமியார் கிரைண்டரின் எவர்சில்வர் உடலைத் துடைத்தபோது, முழங்கை வரை சுருக்கென்று இழுத்தது. வீட்டு உரிமையாளரிடம் சொன்னோம். மழைக்காலத்தில் அப்படி லேசாக அடிப்பது வழக்கம்தான் என்றும், செருப்புப் போட்டுக்கொண்டு அரைக்கலாம் என்றும், பிளக் பாயின்ட் பழுது எப்படியும் வாடகைதாரர் பொறுப்பு என்றும் பதில் வந்தது. இந்தக் கடைசிச் செய்தி குறித்துத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அழைத்த எலக்ட்ரீஷியன், டெஸ்டரை வலப்பக்கத் துளையில் செருகி, விளக்கு எரிவதைக் காட்டி, "லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெஸ்டர் ஃபேஸ் (மின்சாரம் கொண்டுவரும் கம்பி) வருகிறதா என்பதை மட்டுமே சொல்லும். மேலே உள்ள பெரிய, மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பு) உண்டா என்பதை அதனால் சொல்ல இயலாது. இரண்டாவதாக வந்தவர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளர். அவர் பையிலிருந்து எடுத்தது ஹோல்டரும் இரண்டு வயரும் கோத்த ஒரு பழைய குண்டு பல்பு. கிரைண்டர் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இடையே பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவே இல்லை. மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றிப் பார்த்தால், பச்சை வயர் ஒழுங்காகத்தான் முறுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் மறுமுனை கூரையோரப் பெட்டிக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றி அப்படியே விடப்பட்டிருந்தது. இப்படி அந்தரத்தில் விடப்பட்ட எர்த் வயர், இல்லாததைவிட மோசம் என்றார் அவர். ஒரு சாதனத்தில் ஏற்படும் கசிவு நிலத்துக்குப் போக வழியின்றி, அதே வயரில் கோக்கப்பட்ட மற்ற எல்லாச் சாதனங்களின் உலோக உடலுக்கும் பரவிவிடும். கிரைண்டரில் வாங்கிய அடி உண்மையில் மிக்ஸியிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

ஃபிரிட்ஜ் பாயின்ட்டில் அதே பல்பு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நன்றாகவே எரிந்தது. எங்களுக்கு நிம்மதி, அவருக்குச் சந்தேகம். கழற்றிக் காட்டினார். நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு இரண்டு அங்குலச் சிவப்பு வயர் ஒன்று பாலம் போட்டிருந்தது. எர்த் வயர் இழுக்கச் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும் என்பதால் யாரோ எப்போதோ செய்த குறுக்குவழி இது. சோதனைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் எங்காவது நியூட்ரல் ஒரு திருகில் தளர்ந்துவிட்டால், ஃபிரிட்ஜின் கதவு, உடல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். நியூட்ரல் சரியாக இருக்கும்போதும், ஃபிரிட்ஜுக்குள் ஏற்படும் கசிவு இந்தப் பாலத்தில் ஏறி நியூட்ரல் வழியாகவே திரும்புவதால், ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டதும் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தாலும் அதற்கு அது தெரியாது. மாறாக, உண்மையான எர்த்தும் இந்தப் பாலமும் ஒருசேர இருந்தால் ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். "தொல்லையாக இருக்கிறது" என்று அதைக் கழற்றி எறிந்த வீடுகள் பலவற்றில் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது அவருடைய அனுபவம். மிக்ஸி பாயின்ட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. அதாவது, சுவிட்சை அணைத்த பிறகும் மிக்ஸிக்குள் மின்சாரம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரே அடுக்களையில் மூன்று பாயின்ட், மூன்று விதமான கோளாறு. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக்.

இப்போது பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகை முறைப்படுத்தும் சட்டம் (2017), பராமரிப்புப் பணிகளை இரண்டாம் அட்டவணையில் இரு தரப்பினருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. வீட்டின் உள், வெளி மின் வயரிங் உரிமையாளரைச் சேர்ந்தது. சுவிட்ச், சாக்கெட் பழுது வாடகைதாரரைச் சேர்ந்தது. குழாய் வாஷர் போன்றவற்றுக்கு இந்தப் பிரிவினை பொருத்தமானதே. ஆனால் எர்த் என்பது சாக்கெட்டின் திருகில் தொடங்கி, சுவருக்குள் ஓடி, மெயின் போர்டு வழியாக வெளியே உப்பும் கரியும் போட்ட குழியில் போய் முடிகிற ஒரே தொடர். அதில் எந்த இடத்தில் அறுபட்டாலும் அடி விழுவது சாக்கெட் முனையில்தான். அதனால் புகார் "பிளக் பாயின்ட் பழுது" என்ற பெயரில் எழுகிறது. உரிமையாளர் கை கழுவ அந்தப் பெயரே போதுமானதாகிவிடுகிறது. சுவரைக் கொத்தி வயர் இழுக்க வாடகைதாரருக்கு உரிமையும் இல்லை, நாளை காலி செய்யப் போகும் வீட்டில் அவ்வளவு செலவழிக்க மனமும் வராது. ஆக, யாரும் செய்வதில்லை.

புதிய மின் இணைப்புக் கோரும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வயரிங் குறித்துச் சான்றளிக்கிறார். அதன்பின் முப்பது ஆண்டுகளில் எத்தனை பேர் எத்தனை பாயின்ட் கூட்டினார்கள் என்று கேட்பார் இல்லை. அன்று மிக்ஸியும் கிரைண்டரும் மட்டுமே இருந்த அடுக்களையில் இன்று 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு வந்துவிட்டது. அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாற்று பிளக் போட்டுச் செருகுகிறோம் (நாங்களும் செருகினோம், மறுக்கவில்லை).

எனவே இரண்டு வேண்டுகோள்களை அரசின் பார்வைக்கு வைக்கிறேன். ஒன்று, சாக்கெட் வரை வந்து சேரும் எர்த் தொடர்பு உரிமையாளரின் வயரிங் பொறுப்பில் அடங்கும் என்பதை மேற்படி அட்டவணையில் ஐயத்துக்கு இடமின்றிச் சேர்க்க வேண்டும். மற்றொன்று, வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது, தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளர் ஒருவர் அடுக்களை, குளியலறைப் பாயின்ட்களைச் சோதித்துக் கையொப்பமிட்ட ஒரு பக்கத் தாளையும் இணைக்கச் செய்ய வேண்டும். டெஸ்டரோடு இந்தச் சோதனை நின்றுவிடக் கூடாது. மீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் ஆகிய மூன்று அளவுகளையும் எழுத வேண்டும். போர்டைக் கழற்றிப் பார்த்ததாகவும் குறிப்பிட வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ளதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இவ்வளவையும் பார்க்க ஒரு முற்பகல்தான் ஆயிற்று.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். எர்த் குறித்த ஒரு வரியை அதில் சேர்த்து உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் இன்னும் கையொப்பமிடவில்லை. அதுவரை கிரைண்டர் பிளக்கைக் கழற்றி, துணி சுற்றி வைத்துவிட்டு, மாவைத் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.