அவன் கிடைத்துவிட்டான்

பாளையங்கோட்டை
கார்த்திகை 14

அன்புள்ள மாப்ளே,

இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறானே என்று பார்க்காதே. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் அடுத்த நிமிடம் நம் டிப்ளமா குரூப்புக்குத் தள்ளிவிடுவாய். உன் விரலை எனக்குத் தெரியும். இது குரூப்புக்குப் போகக் கூடாத சங்கதி.

நம் டிப்ளமா ஆட்கள் சந்திப்புக்குக் கூப்பிட வேண்டும் என்று நீ தேடித் தரச் சொன்னாயே, அவன் கிடைத்துவிட்டான். பெயரை எழுதப் போவதில்லை. நம் இருவருக்கும் 'அவன்' என்றால் ஒரே ஆள்தான்.

எல்லாரையும் போல நானும் ஃபேஸ்புக்கில்தான் ஆரம்பித்தேன். நம் ஆட்களைப் பெயர் வைத்துத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் பெயரில் ஒரு ழகரம். அதற்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போடுகிறவனும் உண்டு, வாயில் வருகிறபடி வெறும் எல் போடுகிறவனும் உண்டு. நடுவில் ஒரு தகரம்: டி மட்டுமா, டி-எச்சா? அப்புறம் இனிஷியல். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக ஒடுங்கிக் கிடந்த அப்பா பெயர், பாஸ்போர்ட் எடுக்கும்போது முழுசாக விரிந்து கடைசிப் பெயராகிவிடுகிறது. வெளிநாடு போனவனை அங்கே அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கூடப் படித்த பெண்கள் என்றால் கல்யாணத்தோடு இனிஷியலே மாறியிருக்கும். ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். அவன் ஒருவனுக்கே 16 விதமான எழுத்துக்கூட்டல் வந்தது.

அத்தனையையும் போட்டுத் தேடி மூன்று பேருக்குச் செய்தி அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் என்னை பிளாக் செய்துவிட்டார். மூன்றாமவர் மலேசியாவில் கிள்ளான்காரர். "நீங்கள் தேடும் ஆள் நான் இல்லை. ஆனால் எங்கள் தாத்தாவும் திருநெல்வேலிப் பக்கம்தான், ஊர் பெயர் தெரியவில்லை. கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். ஒருவனைத் தேடப் போய் இன்னொரு தேடலும் தலையில் ஏறிவிட்டது. லிங்க்ட்இன்னில் வேறு மாதிரி மாட்டிக்கொண்டேன். யார் வந்து பார்த்தார்கள் என்று அது சம்பந்தப்பட்டவருக்கே சொல்லிவிடுமாம். ஓசூரில் இருந்து ஒரு தம்பி, "சார், நாலு தடவை என் புரொஃபைலைப் பார்த்திருக்கிறீர்கள், ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று எழுதியிருந்தார். ரிட்டயர் ஆனவனிடம்!

கூகுளில் தேடுவதற்கு மகள் சொல்லிக் கொடுத்தாள். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தச் சொற்களை அதே வரிசையில்தான் தேடும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வராது. 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் துழாவும். அவன் பெயரிலேயே ஒரு வட்டச் செயலாளர் இருக்கிறார். அவருடைய கட்சிப் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன், பாதிக் குப்பை ஒழிந்தது. தமிழிலேயே அடித்தும் பார்த்தேன். ழகரத் தொல்லை தீர்ந்தது, ஆனால் வந்து நின்றது ஒரு கண்ணீர் அஞ்சலி. எனக்குத் திக்கென்றது. வயது 81 என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

நீ கொடுத்த பழைய செல் நம்பர் உதவவில்லை. முன்பெல்லாம் ஃபேஸ்புக் தேடல் பெட்டியில் நம்பரை அடித்தாலே ஆள் வருவான். அதை வைத்துக் கூட்டம் கூட்டமாக ஆட்களின் விவரத்தை உருவுகிறார்கள் என்று 2018 ஏப்ரலில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எடுத்தும் என்ன, 2021-இல் 53 கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் செல் நம்பரோடு இணையத்தில் கொட்டிக் கிடந்தது. பணம் அனுப்பும் செயலியில் அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். பணம் அனுப்பாமலே வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் தெரியும் அல்லவா? ஒரு பெண் பெயர் வந்தது. ட்ரூகாலரில் 'பால் அக்கா' என்று வந்தது. விட்ட நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் போல.

பிறகு போட்டோ. விடுதி வாசலில் எடுத்தோமே, அதை ஸ்கேன் செய்து கூகுள் லென்ஸில் போட்டேன். அது நம் முகங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. நீ போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை எங்கே கிடைக்கும் என்று காட்டியது. முகத்தை வைத்தே தேடுகிற தளங்கள் தனியாக இருக்கின்றன. அமெரிக்காவில் கிளியர்வியூ ஏஐ என்று ஒரு கம்பெனி, ஃபேஸ்புக், யூடியூப் என்று கண்ட இடத்தில் எல்லாம் 300 கோடி படங்களை அள்ளி வைத்துக்கொண்டு போலீசுக்குச் சேவை விற்கிறது என்று 2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது போலீசுக்கு. நம்மைப் போன்றவர்கள் காசு கட்டித் தேடும் தளங்களும் வந்துவிட்டன. அப்படி ஒன்றில் அவன் முகத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. என் முகத்தை ஏற்றினேன். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால், வாயைத் திறந்தபடி நான்! யாருடைய கல்யாணம் என்றே நினைவில்லை. யாரோ ஒரு போட்டோகிராஃபர் தன் தளத்தில் போட்டு வைத்திருக்கிறார்.

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய மெயில். 2006 பொங்கலுக்கு எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தான். நான் பதில் போட்டேன், அவன் அதற்கு அப்புறம் எழுதவில்லை. அந்த மெயில் முகவரியில் பெயர் இல்லை. ஒரு பறவையின் ஆங்கிலப் பெயரும் நம் விடுதி அறை எண்ணும். மகள் அதைப் பார்த்ததும், "அப்பா, இது போதும்" என்றாள். ஷெர்லாக் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. ஒரு பயனர் பெயரைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான தளங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, அந்தப் பெயரில் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்லும். அதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. நாமெல்லாம் சோம்பேறிகள், ஒரு பெயரை வைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் அதையே வைப்போம். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஏழு இடங்களில் இருக்கிறது என்றது. ஆறு வேறு யார் யாரோ. ஏழாவது, புகைப்படக்காரர்கள் புழங்கும் ஒரு தளம். திறந்தால் நாரைகளும் கூழைக்கடாக்களும் கொக்குகளும். பறவை பார்க்கக் கூந்தன்குளம் சரணாலயத்துக்கு சைக்கிள் மிதித்த பயல் அல்லவா, பழக்கம் போகவில்லை.

மாப்ளே, இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தோஷம் போய் வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரைபடம். செல்லில் எடுக்கும் போட்டோவுக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி ஆன் ஆகியிருந்தால் எடுத்த இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் இடம் கழன்றுவிடும். அந்த மாதிரித் தளங்களில், ஆள் அடைத்து வைக்காவிட்டால், ஊருக்கே தெரியும். மைனாவும் கரிச்சானுமாக முப்பது படம், எல்லாம் ஒரே புள்ளியில், எல்லாம் காலை ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில். அவன் வீட்டு மொட்டைமாடி என்று சொல்லவா வேண்டும். தெருவே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்து டெலிபோன் டைரக்டரியில் ஊரே விலாசத்தோடு அச்சாகி வந்தது, யாரும் பயப்படவில்லை. ஆனால் அதில், ஒருவன் காலையில் எத்தனை மணிக்கு மொட்டைமாடியில் தனியாக நிற்பான் என்று போட்டிருக்காது.

அவன் ஏன் போனான் என்று உனக்குத் தெரியும். 1999-இல் சீட்டு உடைந்தபோது எல்லாரும் அவன் சட்டையைத்தான் பிடித்தோம். நானும்தான். முதலிலேயே சீட்டை எடுத்துவிட்டுத் தவணை கட்டாமல் நழுவிய இரண்டு பேர் இன்றைக்கும் நம் குரூப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுகிறார்கள். மீசை மட்டும், "அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது எழுதுகிறான். நீ மறந்துவிட்டாய், சந்திப்புக்குக் கூப்பிடத்தான் கேட்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் சொன்னால் குரூப்பிடம் சொன்ன மாதிரி. கோபிக்காதே.

மகள் ஒரு வழக்கைச் சொன்னாள். ஸ்பெயினில் மாரியோ கோஸ்தேஹா என்று ஒருவர். கடன் பாக்கிக்காக அவருடைய சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998-இல் ஒரு நாளிதழில் வந்தது. கடன் தீர்ந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் கூகுளில் அவர் பெயரை அடித்தால் அதுதான் முன்னால் வரும். வழக்காடி, 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால், மறக்கடிக்க நினைத்த அந்த ஏலம் ஜெயித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. நம்மவன் கோர்ட்டுக்குப் போகவில்லை. தன் பெயரையே கழற்றி வைத்துவிட்டுப் பறவைப் பெயரில் இருக்கிறான்.

இரண்டு நாள் யோசித்து, அந்தத் தளத்திலேயே அவனுக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். என் பெயரைப் போட்டு, "மூலைக்கரைப்பட்டியில் பஞ்சர் ஒட்டிய காசு நான் உனக்கு இன்னும் தரவில்லை. படங்களுக்குக் கீழே உன் வீடு தெரிகிறது, முதலில் அதை மறை" என்று மட்டும். அன்றைக்கு நீ காய்ச்சலில் அறையில் படுத்திருந்தாய், உனக்கு இந்தப் பஞ்சர் கதை தெரியாது. மறுநாளே வரைபடங்கள் போய்விட்டன. பதில் இல்லை. சரி, பயந்து ஓடிவிட்டான் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் வந்தது: "ஒன்றரை ரூபாய். வட்டி வேண்டாம்."

சும்மா இருக்க முடியாமல் உன்னையும் தேடிப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேத்தி யூனிஃபார்மில் நிற்கிற படத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிகிறது, வீட்டு வாசல் படத்தில் கதவு எண். உன் ஃபேஸ்புக்கை ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மருமகனிடம் கொடுத்து, பழைய பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றச் சொல். வெளியே உள்ள தேடுபொறிகள் உன் பக்கத்தைக் காட்டலாமா என்று அமைப்புகளில் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு வேண்டாம் என்று போடச் சொல். மீனாட்சியம்மன் கோயில் முன்னால் நீ எடுத்த செல்ஃபியை வேண்டுமானால் விட்டு வை, அதைப் பார்த்து யாரும் வரப் போவதில்லை.

அவனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவன் இஷ்டம். தெரியாத நம்பர் என்றால் எடுக்காமல் விடுவாயே, அந்தப் பழக்கத்தைத் தை மாதம் வரைக்குமாவது நிறுத்தி வை. எடுத்தால் சீட்டைப் பற்றிப் பேசாதே. கூந்தன்குளத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல். போன வாரம் நானே போய்ப் பார்த்தேன், நாரைகள் இறங்க ஆரம்பித்துவிட்டன.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அறைத் தோழன்