எங்கள் வீட்டுக் களியும் எத்தியோப்பியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரைப் பற்றி உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அதில் இரண்டு வரி என்னைத் தூங்க விடவில்லை. இந்தப் பிள்ளைகள் கிணற்றுத் தவளையாகத்தான் வளர்வார்கள், அதிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் மற்றவர்களோடு பழக விடக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி நினைக்க இடம் கொடுக்கும் வீடுகளும் இருக்கலாம். ஆனால் நாங்கள் கிருஷ்ணகிரியில் இருக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், மூன்று பிள்ளைகளையும் நான்கு வருடமாக வீட்டில்தான் படிக்க வைக்கிறோம், எங்கள் வீட்டில் நடப்பது அதற்கு நேர் எதிர், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பி.எட். முடித்து ஆறு வருடம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. மூத்தவளுக்கு 12 வயது, நடுப்பையனுக்கு 9, கடைக்குட்டிக்கு 7. தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாம் தமிழ்நாடு அரசுப் பாடநூலை வைத்துத்தான். மூத்தவளுக்கு 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவாள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது, வீட்டில் படிப்பவர்களைப் பற்றி அதில் தனியாக ஒரு வரியும் இல்லை, அதனால் போகிற இடத்திலெல்லாம் நாங்கள் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. அது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

மீதி நேரம் முழுக்க நாடுகள்தான். ஒரு நாட்டுக்கு ஆறு வாரம். வரலாறு, புவியியல், சாப்பாடு, அந்த ஊர் மக்கள் எப்படி வணக்கம் சொல்வார்கள், எதைக் கும்பிடுவார்கள், சாவு வீட்டில் என்ன செய்வார்கள், எல்லாம்.

ஆரம்பத்தில் இதை நான் சரியாகச் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் தேசங்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் உண்டு. அதே பழக்கத்தில் வீட்டிலும் ஒவ்வொரு நாட்டையும் அதன் கஷ்டத்தை வைத்தே தொடங்கினேன். இங்கே பஞ்சம், இங்கே போர், இவர்களுக்காக ஜெபிப்போம். இரண்டு மூன்று நாடு ஆனதும் மூத்தவள் கேட்டாள், "அம்மா, அவங்க நமக்காக ஜெபிக்க மாட்டாங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு நானும் வீட்டுக்காரரும் ரொம்ப நேரம் பேசினோம். பரிதாபப்படுவதற்காக மட்டும் ஒரு நாட்டைப் படித்தால் அந்த நாட்டு மனிதர்கள் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் எங்கள் அடுப்படியிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

முதலில் கேழ்வரகு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் களியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேழ்வரகு முதன்முதலில் பயிரானது எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டி வந்த தானியம் அது. கென்யாவில் இன்றைக்கும் கேழ்வரகு மாவில் உகாலி என்று கிண்டி, உருட்டி, கையால்தான் சாப்பிடுகிறார்கள். என் மாமியாருக்கு 70 வயது. அவர்கள் உகாலி சாப்பிடும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம களிதானே, நம்ம சனங்கதானே" என்றார். ஆப்பிரிக்காவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எத்தியோப்பியாவிலேயே ஆறு வாரம் எட்டு வாரமானது, விட்டு வரப் பிள்ளைகளுக்கு மனமில்லை. அங்கே இஞ்சிரா என்று ஒன்று, தெஃப் என்ற சின்ன தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்துப் பெரிய தோசை மாதிரி ஊற்றுகிறார்கள், வீட்டார் எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு வாய் எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டிவிடுவது அங்கே அன்பின் அடையாளம், அதற்கு குர்ஷா என்று பெயரே இருக்கிறது. தெஃப் நமக்கு எங்கே கிடைக்கும், கேழ்வரகு மாவில் ஊற்றினோம். சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுவதால் நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் தாத்தாக்களை அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வருடத்துக்கு 13 மாதம், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள்தான்.

அப்புறம் லாலிபெலா, எத்தியோப்பியாவில் ஒரு ஊர். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய 11 தேவாலயங்கள். கல் குவாரியைப் பார்த்து வளர்ந்த என் பையன் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், ஒரு பக்கம் தப்பாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாதே என்பதுதான் அவன் கவலை. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் புத்தகத்தை வாசித்துக்கொண்டு போகும், எத்தியோப்பியர் என்று பைபிள் சொல்லும் கந்தாகே ராணியின் மந்திரி, எங்கள் பிள்ளைகளுக்கு அதுவரை ஞாயிறு பள்ளிக் கதை. எசானா என்ற அரசன் 4-ம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட நாடு அது, ஐரோப்பாவில் பல பகுதிகளுக்கு அப்போது கிறிஸ்தவம் போய்ச் சேரவில்லை. வெள்ளைக்காரன் மதம் என்று தெருவில் யாராவது சொன்னால் என் பிள்ளைகள் வாடிப் போவார்கள். இப்போது வாடுவதில்லை, சண்டைக்கும் போவதில்லை, எத்தியோப்பியாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எத்தியோப்பியச் சபையார் புதன், வெள்ளி இரண்டு நாளும் இறைச்சி, பால், முட்டை தொடாமல் உபவாசம் இருப்பார்கள், ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள். இதைப் படித்த சமயம் பக்கத்து வீட்டில் ரமலான் நோன்பு. பிள்ளைகள் நேராகப் போய் அந்த வீட்டு அம்மாவிடம், ஏன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, தாகம் எடுக்காதா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நோன்புக் கஞ்சியோடு என்னிடம் வந்து, "பத்து வருஷமா பக்கத்துல இருக்கோம், இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல" என்றார். அந்தப் பத்து வருடத்தில் நானும் கேட்டதில்லை. புளிக்கு ஆங்கிலத்தில் டாமரிண்ட் என்ற பெயர் அரபியில் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்பதிலிருந்து வந்தது என்று அவருக்குச் சொன்னது என் மூத்தவள். மரத்தின் பூர்வீகம் என்னவோ ஆப்பிரிக்கா.

ஆர்மீனியாவுக்காகச் சென்னைக்கே போனோம். பாரிமுனை அருகே ஆர்மீனியன் தெருவில் 1772-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் அச்சானது அவர்கள் நாட்டில் இல்லை, நம் சென்னையில். அஸ்தரார் என்று பெயர். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது தெரிந்திருக்கலாம், எனக்கு 38 வயதில்தான் தெரிந்தது.

கடிதம் எழுதிய அந்த நண்பருக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். எங்கள் தெருமுனையில் ஒரு குடும்பம், அவர் கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை செய்கிறார். தெருவே அவர்களை இந்திக்காரங்க என்றுதான் சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். என் கடைக்குட்டி அந்த வீட்டுப் பெண்ணிடம் அவள் பெயரை எழுதிக் காட்டச் சொன்னாள். அது இந்தி இல்லை, ஒடியா. வட்ட வட்டமான எழுத்து, ஓலையில் கோடு இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் அப்படி வளைந்தது என்பார்கள். அவர்கள் வெயில் காலத்தில் சாப்பிடும் பகாளா நம் பழைய சோறேதான், தாளிப்பு மட்டும் வேறு. அந்தப் பெண் இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் தமிழ் எழுதப் பழகுகிறாள். அவளுடைய அம்மா மூன்று வருடமாக இந்தத் தெருவில் இருந்தும் முதல்முறையாக ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது எங்கள் வீட்டில்தான் என்று சொல்லி அழுதுவிட்டார்.

எங்களிடம் இல்லாததும் உண்டு. அறிவியல் ஆய்வகம் இல்லை, பையனுக்குப் பதினொரு பேர் சேர்ந்து கிரிக்கெட் ஆட ஆளில்லை, சனிக்கிழமை மட்டும் மைதானத்தைத் தாருங்கள் என்று ஒரு பள்ளியில் கேட்டு இல்லையென்று திரும்பினோம். எல்லாரும் எங்களைப் போலச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் தாய்க்கு இது முடியாது, அரசுப் பள்ளியில் நல்ல ஆசிரியர் அமைந்த பிள்ளைக்கு இது தேவையும் இல்லை. ஆனால் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும் மாவட்டம் நம்முடையது, நம் பெங்களூரா மாம்பழக் கூழ் சவூதி வரைக்கும் போகிறது. எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் மனது வைத்தால் இதைச் செய்யலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மற்ற நாடுகளைப் பற்றி உங்கள் தாளில் வருவது போரும் வெள்ளமும் விமான விபத்தும்தான். சிறுவர் பகுதியில் வாரம் அரைப்பக்கம் ஒரு நாட்டுக்குக் கொடுங்கள், அங்கே ஒரு வீட்டில் காலையில் எழுந்ததும் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள், போதும்.

எங்கள் முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வாசகரிடம் கொடுங்கள், குடும்பத்தோடு சனிக்கிழமை மதியம் சாப்பிட வரட்டும். இந்த ஆறு வாரம் மெக்சிகோ. தக்காளி என்ற காயே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே, ராயக்கோட்டைத் தக்காளியில் சமைக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
கிருஷ்ணகிரி