சின்ன நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்லப் பிராணிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், பொமரேனியன், ஷிட்ஸு, சிவாவா போன்ற சின்ன இன நாய்களை ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வெளியே போகப் பழக்குவது பெரும்பாடு, வீட்டுக்குள்ளேயே ஒரு பேட் (மூத்திரத்தை உறிஞ்சும் மெத்தென்ற விரிப்பு) விரித்துவிட்டால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. சின்ன நாய்களும் வெளியே போகப் பழகும், நன்றாகவே பழகும். பழகாமல் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் குட்டி இல்லை, வீட்டில் இருப்பவர்கள்தான்.

லாப்ரடார் குட்டி நடுக்கூடத்தில் ஒண்ணுக்குப் போய்விட்டால் வீடே பதறும், அன்றைக்கே பழக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதையே சிவாவா குட்டி செய்தால் கையில் கிடைத்த துணியால் ஒரு துடைப்பு, ‘சின்னதுதானே, போகட்டும்’ என்று ஒரு சமாதானம், அவ்வளவுதான். சோபாவுக்குப் பின்னால் போனது யார் கண்ணிலும் படுவதே இல்லை. இப்படி நாலைந்து மாதம் போனால் சோபாவுக்குப் பின்பக்கம்தான் தன் இடம் என்று குட்டி முடிவு செய்துவிடுகிறது. அதற்கப்புறம் ‘இந்த இனமே பிடிவாதம்’ என்று அதன் மேல் பழியைப் போடுவது என்ன நியாயம்?

சின்ன இனத்துக்கு உடம்பு சின்னது, சிறுநீர்ப்பையும் சின்னது, அதனால் அடிக்கடி போகும். இது உண்மைதான். பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள்: குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு 1 கூட்டினால் வருவதுதான் அது அடக்கி வைத்திருக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். ஆனால் அது குட்டி அமைதியாகப் படுத்திருக்கும்போது மட்டும்தான். விழித்து ஓடியாடும் நேரத்தில், அதுவும் சின்ன இனமென்றால், இதில் பாதிகூடத் தாங்காது. தூங்கி எழுந்த உடனே, விளையாடி முடித்த உடனே, சாப்பிட்டு கால் மணி, அரை மணி நேரத்துக்குள், இரவு படுக்கும் முன்னால் என்று வெளியே கொண்டுபோக வேண்டும். முதல் சில வாரங்கள் நடுராத்திரியிலும் ஒரு தடவை எழுந்துதான் ஆக வேண்டும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் தானாக அசையத் தொடங்கும், அதனால் சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

குட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அது முன்கூட்டியே சொல்வது தெரியும். விளையாடிக்கொண்டிருந்த பொம்மையை நடுவிலேயே போட்டுவிட்டு, மூக்கைத் தரையோடு ஒட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே ஒரு மூலைக்கு நகரும், ஒரு சுற்றுச் சுற்றும், பின்னங்கால் லேசாக மடங்கும். அந்த நொடியில் சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். இதில் சின்ன நாய்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்க வசதியாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டே போனால், வாசல் வரை தானே நடந்துபோய்க் கதவருகில் நின்று கேட்கும் பழக்கம் அதற்கு வருவதே இல்லை. ஓரளவு அடக்கத் தெரிந்ததும் இறக்கிவிட்டு நடக்கவைத்தே கூட்டிப்போங்கள்.

வெளியே எப்போதும் ஒரே இடம்தான். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள், கொஞ்ச வேண்டாம், போனை நோண்டவும் வேண்டாம். அது போய் முடித்த மறுநொடியே, அதே இடத்தில் நின்று மெதுவாகப் பாராட்டி ஒரு சின்னத் துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்காகக் கிடைத்தது என்றுதான் அதற்குப் புரியும். முடித்த கையோடு உள்ளே இழுத்துக்கொண்டு வருவதும் தப்பு. ஒண்ணுக்குப் போனால் வெளியே சுற்றும் சந்தோஷம் முடிந்துவிடும் என்று கண்டுகொண்டால், அப்புறம் முடிந்தவரை தள்ளிப்போடப் பார்க்கும். கொஞ்ச நேரம் விளையாடவிட்டுக் கூட்டி வாருங்கள். எதுவும் போகாமல் திரும்பினால் தரையில் அவிழ்த்து விடாமல் கூடவே வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கூட்டிப்போங்கள்.

மழையில் சின்ன நாய்கள் வெளியே வர மறுப்பதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். குட்டைக் கால் டாஷ்ஹண்ட் நாயின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், ஈரப் புல் முழுக்க அதன் வயிற்றில்தான் உரசும். சின்ன உடம்பில் குளிரும் சீக்கிரம் ஏறும். கூரைக்குக் கீழே ஒரு காய்ந்த இடம், புல் குட்டையாக வெட்டிய ஒரு மூலை, இது போதும் அதற்கு.

எனக்கு மிகவும் மனம் நோகிற விஷயம், வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போய்விட்டால் இன்னமும் பலர் குட்டியின் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து அடிப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ‘தப்பு பண்ணிவிட்டு எப்படி முழிக்கிறது பாருங்கள்’ என்று சொல்வோமே, அந்த முகத்தை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து 2009ல் வெளியிட்டார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை, எஜமானர் திட்டினால்தான் அந்த முகம் கூடுதலாக வந்தது. அடி வாங்கும் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: மனிதர் எதிரில் ஒண்ணுக்குப் போகக் கூடாது. அப்புறம் அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு போகும். வெளியே கயிற்றைப் பிடித்து நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதும் பயத்தில் போகவே போகாது.

உள்ளே போய்விட்டால் வெறும் தண்ணீரால் துடைப்பது போதாது, அதன் மூக்குக்கு வாசனை அங்கேயே இருக்கும். மூத்திர வாசனையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் உள்ள கிளீனர் போடுங்கள். அமோனியா கலந்தது வேண்டாம், அதுவும் கிட்டத்தட்ட மூத்திர வாசனைதான்.

பேட் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதான, நோயுற்ற நாய்க்கு அது வேண்டியிருக்கும். தடுப்பூசி முடியாத குட்டிக்கும் உதவும். தடுப்பூசிகள் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை போடப்படும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அதுவரை மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிடக் கூடாது. வேறு நாய் வராத சொந்த முற்றம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அங்கே தொடங்கலாம். ஆனால் பேட்டையே நிரந்தரமாக்கினால், காலுக்கு மெத்தென்று இருக்கும் எல்லாமே கழிப்பிடம் என்று குட்டி எடுத்துக்கொள்ளும், மிதியடி, போர்வை எதையும் விடாது. பேட்டை நாளுக்கு நாள் கதவுப் பக்கம் நகர்த்தி, ஒருநாள் நனைந்த பேட்டை வெளியே அதன் இடத்தில் போட்டுப் பாருங்கள், வாசனை பிடித்து வந்துவிடும்.

ஒண்ணுக்கு வராமல் இருக்கட்டும் என்று தண்ணீரையோ சாப்பாட்டையோ குறைப்பது ஆபத்து. மிகச் சிறிய இனக் குட்டிகள் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் அது அடம் இல்லை, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பல குட்டிகள் ஆறு மாத வயதுக்குள் பழகிவிடும், சின்ன இனத்துக்கு ஒரு வயது வரைகூட ஆகலாம். வீட்டுக்குள் அசுத்தம் செய்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்படும் நாய்கள் ஏராளம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ஒரு கால்நடை மருத்துவரிடமும், சின்ன நாய்களைப் பழக்கும் அனுபவசாலி ஒருவரிடமும் கேட்டு எழுதுங்கள். குட்டி வாங்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்