குலசேகரத்து ஆட்டோ அண்ணனுக்கு நன்றி

2021 மே கடைசி. முழு ஊரடங்கு, பஸ் இல்லை. யாஸ் புயல் மழை வேறு. பேச்சிப்பாறை முகாமுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு நின்ற கிராம சுகாதார செவிலியர் நான். பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி குளிர் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து வீண். “ஏறு மக்களே” என்றீர்கள். எங்களைக் கண்டாலே பலர் ஒதுங்கிய காலம் அண்ணே அது!

கொண்டுவிட்டதோடு நீங்கள் திரும்பவில்லை. காய்ச்சல் வருமென்று பயந்த காணிப் பழங்குடி மக்களிடம் உட்கார்ந்து பேசினீர்கள். கோவிஷீல்டு குப்பியைத் திறந்தால் நாலு மணி நேரத்தில் பத்துப் பேருக்குப் போட்டாக வேண்டும். ஆள் சேர்ந்தது உங்களால்தான். எங்கள் பேச்சு அங்கே எடுபடவில்லை. வாடகையும் வாங்கவில்லை.

முகக்கவசத்தில் முகம்கூடத் தெரியவில்லை. ஸ்டாண்டில் யாருக்காவது இவரைத் தெரிந்தால், இதை வாசித்துக் காட்டுங்கள்.