மொய் நோட்டில் ஏறாத பரிசு

அன்புள்ள கண்ணு,

உன் மேலதிகாரி பெங்களூரில் புது வீடு கட்டிக் குடி போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருந்து, என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தாய். "பூ ரெண்டு நாள்ல வாடிடும், வெள்ளி விளக்கு வாங்கிடவா" என்றும் கேட்டிருக்கிறாய். விளக்கு வேண்டாம், பூவே போதும். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கொண்டுபோகும் விதத்தை விவரமாக எழுதுகிறேன். பூ வாங்குவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது.

வெள்ளி விளக்கு கொடுத்த நிமிடமே அந்த வீட்டில் அது கணக்காகிவிடும். நாளைக்கு உன் கல்யாணத்துக்கு அதே எடைக்கு என்ன செய்வது என்று அந்த அம்மா யோசிக்கத் தொடங்குவார். நம் பக்கத்து மொய் நோட்டில் பணம் ஏறும், பாத்திரம் ஏறும், மோதிரம் கிராம் கணக்கோடு ஏறும். நாலு முழம் மல்லிகையை யாரும் எழுதி வைத்ததில்லை. நீ குறையாகச் சொல்கிறாயே, வாடிவிடும் என்று, அதுதான் அதன் வசதி. திருப்பிச் செய்யும் கடன் கிடையாது, அலமாரியில் இடம் தேட வேண்டாம், பிடிக்கவில்லை என்றாலும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. மேலதிகாரிக்கு விலை உயர்ந்த பொருள் கொடுத்தால் ஆபீஸில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பூவுக்கு அந்தப் பேச்சு வராது. நம் சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா தொடங்குவதே பூச்சாட்டுதலில்தான். அம்மனுக்கே முதலில் பூ, பிறகுதான் பொங்கலும் தேரும்.

பூ வாங்கும்போது கடைக்குப் போக உனக்கு எப்போது தோது என்று பார்க்காதே. அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்போது எந்த நிலையில் இருக்கும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். குண்டுமல்லியை விடியலில் மொட்டாகப் பறிப்பார்கள். அன்றைக்குப் பொழுது சாய்ந்த பிறகு விரியும். உன் விருந்து இரவு 7 மணிக்கு. அப்படியானால் ஞாயிறு காலையில் இங்கே சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் இறங்கும் மொட்டுதான் உனக்குச் சரி. சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் மாலையே வாங்கி வைத்துவிடலாம் என்று நினைக்காதே. அது சனி ராத்திரியே உன் பையில் விரிந்து, ஞாயிறு மாலை பழுப்பு விளிம்போடு நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தால் விரிவது தள்ளிப்போகும், நின்றுவிடாது. விருந்து காலையில் என்றால் மல்லிகையைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அதற்குக் கனகாம்பரமும் சாமந்தியும்தான். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை, ஆனால் கட்டி வைத்தால் இரண்டு நாள் நிறம் மாறாது. கிலோ விலையைக் கேட்டு மிரள வேண்டாம், காகிதம் போல எடையே இல்லாத பூ அது.

மொட்டு வாங்கும்போது உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுப் பார். முழுதாகப் பருத்து, வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பச்சை ஓடிய சின்ன மொட்டு விரியாமலே வாடும். நுனி லேசாகப் பிரிந்தது உனக்குப் பஸ்ஸிலேயே விரிந்துவிடும், மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம். ஈரம் தெளித்துப் பளபளப்பாக வைத்திருக்கும் குவியலை விட்டுவிட்டு, பக்கத்தில் சாக்கை விரித்து உலர்வாகக் கொட்டியிருப்பதை வாங்கு. தண்ணீர் எடையைக் கூட்டும், இதழைப் பழுப்பாக்கும். கோடையில் மல்லிகை வரத்து அதிகம், விலை இறங்கியிருக்கும். ஆனால் ஞாயிறு முகூர்த்த நாளாகவும் அமைந்துவிட்டால் அந்தக் காலை மட்டும் துள்ளும். காலண்டரைப் பார்த்துவிட்டுப் பணம் எடுத்துப் போ.

கட்டின சரம் வாங்குவதை விட உதிரி கால் கிலோ வாங்கிக் கட்டுவது மேல். நெருக்கமாகக் கட்டினால் 5, 6 முழம் வரும். கடையில் முழம் போடும்போது பூக்காரம்மா கைதான் அளவு, அதில் சண்டை போட்டுப் பயனில்லை. பார்க்க வேண்டியது நெருக்கம். சரத்தைத் தூக்கிப் பிடித்தால் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் நூல் தெரிகிறதா? தெரிந்தால் நாலு முழத்தில் இரண்டு முழப் பூதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

கட்டும் முறை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அக்காவைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. வாழை நாரைப் 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சன்னமாகக் கிழித்துக்கொள். நார் இல்லையென்றால் பருத்தி நூல். இரண்டு மொட்டின் தலை இந்தப் பக்கம், இரண்டு மொட்டின் தலை அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்பின் மேல் மாட்டி இழு. அடுத்த நான்கை முதல் முடிச்சோடு ஒட்டி வை. இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்து, பூ விரிந்ததும் தலைகள் கொட்டும். தளர விட்டால் கூந்தலில் வைக்கும்போதே உருவிக்கொண்டு வரும். கடைசியில் முனையில் முடிச்சுப் போட மறக்காதே. அங்கே அந்த அம்மா நாலு பேருக்கு வெட்டிக் கொடுப்பார், வெட்டின இடத்திலும் ஒரு முடிச்சு வேண்டும் என்று சொல். இல்லாவிட்டால் சரம் அவிழ்ந்துகொண்டே போகும்.

இனி பயணம். சேலத்திலிருந்து பெங்களூருக்கு 200 கிலோமீட்டர், பஸ்ஸில் 4, 5 மணி நேரம். சரத்தைச் சுருட்டாகச் சுற்றி, ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து அதில் வைத்து, வெளியே வாழை இலையால் மூடு. துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினால் உள்ளே வேர்த்து, இறங்கும்போது வேகவைத்த வாசம் வரும். தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி ஓர் ஓரம் வை. பூ அதைத் தொடாமல் இருக்கட்டும். தொட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு கறுக்கும். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள், எஞ்சின் பக்கமோ ஜன்னல் வெயிலோ வேண்டாம்.

மாம்பழக் கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்கோவாவும் இமாம் பசந்தும் வந்திருக்கும் நேரம், நீயும் ஆபீஸுக்கு எடுத்துப் போவாய். பழத்தையும் பூவையும் ஒரே பெட்டியில் வைக்காதே. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். ரோஜா, கார்னேஷன் போன்றவற்றை அது சீக்கிரமே கிழவியாக்கிவிடும். உன் அறையிலும் அப்படித்தான். பூ ஜாடிக்குப் பக்கத்தில் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் பூக்காரரைத் திட்டாதே.

மேலதிகாரிக்குக் கையில் கொடுக்கத் தனியாக ஒரு பூங்கொத்து வேண்டும் என்றால் ரோஜாவை இங்கிருந்து சுமக்காதே. ஓசூர் ரோஜா உனக்குத்தான் பக்கம். பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் காலையிலேயே வாங்கி வைக்க உன் அறை நண்பனிடம் சொல். வெளி இதழ் ஒன்றிரண்டு மட்டும் பிரியத் தொடங்கிய மொட்டாக 10, 12 போதும். மொட்டின் அடியை இரண்டு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் பழைய சரக்கு, வெளி இதழை உரித்துப் புதிதாகக் காட்டுகிறார்கள். வாங்கி வந்ததும் தண்டின் அடியை ஓர் அங்குலம், சாய்வாக, தண்ணீருக்குள் வைத்தே வெட்டச் சொல். வெளியே வெட்டினால் தண்டுக்குள் காற்றுக் குமிழ் ஏறி, தண்ணீர் மேலே போகாமல் கழுத்து தொங்கிவிடும். தொங்கினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. மறுபடி வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுத்தளவு நிறுத்தினால் பெரும்பாலும் நிமிரும். தண்ணீருக்குள் மூழ்கும் இலை எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும், அழுகுவது அங்கேதான் ஆரம்பிக்கும். மாலை வரை வாளித் தண்ணீரில் நிழலில் நிற்கட்டும்.

கொத்தாகப் பிடிப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. முதல் தண்டை நேராகப் பிடி. அடுத்ததை அதன்மேல் சாய்த்து வை, அதற்கடுத்ததையும் அதே பக்கமாகவே சாய்த்து வை. கொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போ. ஒன்று எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் நடுவில் நெரிந்து தண்டு ஒடியும். தண்டுகள் குறுக்கிடும் இடத்தில் கட்டி, அடியைச் சமமாக வெட்டினால் மேஜைமேல் தானாக நிற்கும். பளபளக் காகிதமும் ஜிகினாவும் வேண்டவே வேண்டாம், அதற்கான காசில் இன்னும் நாலு ரோஜா வாங்கலாம்.

அந்த வீட்டம்மா கேட்டால் ஜாடித் தண்ணீருக்கு இந்த அளவைச் சொல்: 1 லிட்டர் தண்ணீரில் 1 மேஜைக்கரண்டி சர்க்கரை, 2 மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி துணி வெளுக்கும் பிளீச். சர்க்கரை பூவுக்குத் தீனி, புளிப்பு தண்ணீரை ஏற்றும், பிளீச் கிருமியைக் கொல்லும். பிளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து, இரண்டு நாளில் தண்ணீர் நாறும். பிளீச்சையும் எலுமிச்சையையும் நேராகக் கலக்கக் கூடாது, தனித்தனியாகத் தண்ணீரில் விட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்று. ஜெர்பெராவுக்கு மட்டும் 2, 3 அங்குலத் தண்ணீர் போதும். ஆழத்தில் நின்றால் அதன் தண்டு கொழகொழத்துவிடும்.

லில்லி வாங்குவதாக இருந்தால் அவர்கள் வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டுவிடு. லில்லியின் இதழோ மகரந்தமோ பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். அரளி வேண்டாம். பனமரத்துப்பட்டி அரளி சாமி மாலைக்கு எவ்வளவு அழகானாலும் விஷச் செடி, குழந்தை இருக்கும் வீட்டில் மேஜைமேல் வைக்கிற பூ இல்லை. ஆஸ்பத்திரிக்கு மணமுள்ள எதையும் கொண்டுபோகாதே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடவும் மாட்டார்கள். துக்க வீட்டுக்கு மாலைதான், பூங்கொத்து இல்லை.

ஏற்காடு கோடை விழாவுக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஹைட்ரேஞ்சியா தொட்டி கொண்டுவந்து கொடுக்கலாமா என்று அக்கா கேட்டாள். எனக்குச் சம்மதமில்லை. 1,500 மீட்டர் உயரக் குளிரில் வளர்ந்தது, 20 கொண்டை ஊசி வளைவில் குலுங்கி இறங்கினாலே பாதி தலை சாய்த்துவிடும். பெங்களூர் அதற்கு ஒத்துவரலாம், ஆனால் தொட்டி கொடுத்தால் தினமும் தண்ணீர் ஊற்றும் வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறாய். அது செத்தால் உன் முகத்தில் விழிக்க அவர்கள் கூச்சப்படுவார்கள். கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் செடி. மலைப் பாதையோரம் யாராவது காட்டு ஆர்க்கிட்டைப் பெயர்த்து வந்து விற்றால் வாங்காதே. அதைப் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

கொடுக்கும் விதம் இதுதான். சரத்தை இலையோடு தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வீட்டம்மா கையில் கொடு. கன்னடக்காரர் வீட்டிலும் இது பழக்கமான மரியாதைதான். அந்த வீட்டில் கணவரை இழந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரைத் தாண்டித் தட்டைக் கொண்டுபோகாதே. நம் ஆட்கள் காலம் காலமாகச் செய்த கொடுமை அது. முதலில் அவரிடம் நீட்டு. எடுப்பதும் எடுக்காததும் அவர் இஷ்டம்.

சனிக்கிழமை ராத்திரியே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, முக்கால் அளவு மட்டும், ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஞாயிறு காலை 6 மணிக்கு மார்க்கெட், 9 மணிக்குள் கட்டி முடித்துவிடலாம், 11 மணி பஸ்ஸுக்குப் பதிவு செய்துகொள். தெர்மோகோல் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதே, அடுத்த தடவைக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா