உடைந்த பருப்பின் கணக்கைத் தொலி உரிப்பவர் தலையில் போடாதீர்கள்

குமரி மாவட்ட முந்திரி ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பின் மேலுள்ள மெல்லிய தொலியை உரிக்கும் பெண்களுக்கு எடைக்குத்தான் கூலி. அந்த எடையில் உடைந்த பருப்பைக் கழிக்கும் ஆலைகளுக்கு இதை எழுதுகிறோம். 320 தரத்தில் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும். அப்படியானால் ஒரு கிலோவுக்குக் கூலி வாங்க ஏறக்குறைய 700 பருப்பு விரல்வழி போயாக வேண்டும்.

பருப்பு உடைவதற்கான காரணம் பெரும்பாலும் உரிக்கிற மேசைக்கு வரும் முன்பே உண்டாகிவிடுகிறது. பெரிதும் சிறிதுமாகக் கலந்த கொட்டையை வெட்டக் கொடுத்தால், பெரிய கொட்டையில் பிளேடு பருப்பு வரை இறங்கும். பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவில் சுமார் 70 டிகிரி சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் காய வேண்டும். தட்டுகளை இடையில் மாற்றி வைக்காவிட்டால் ஒரு தட்டு கருகும், மற்றொன்றில் ஈரம் நிற்கும். ஈரம் நின்ற பருப்பில் தொலி ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டினால்தான் வரும், சுரண்டினால் பிளக்கும். மிதமிஞ்சிக் காய்ந்ததோ, ஆறவிடாமல் கொடுத்தால் விரல் பட்டாலே நொறுங்கும். இதில் உரிப்பவர் செய்த தவறு எது?

நஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய, அது தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், அவருடைய விளக்கத்தையும் கேட்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமே சொன்னது. நேரக்கூலி நிர்ணயித்த வேலையில், எடைக்கூலி அதற்குக் கீழே போகக்கூடாது என்றது 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இரண்டும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. கொல்லத்தில் சங்கங்கள் போராடிக் கூலியை உயர்த்தியபோது, கூலி குறைந்த இடம் தேடி ஆலைகள் பல எல்லை தாண்டி இங்கே வந்தன. அந்த லாபத்தின் மேல் பிடித்தமும் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. எடை குறைந்த நாளை ரெஜிஸ்டரில் அரை நாளாக எழுதாதீர்கள். ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா சேராவிட்டால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: போர்மாவில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு தட்டிலும் எண்ணும், ஏற்றி இறக்கிய நேரமும் எழுதுங்கள். உடைசலைத் தட்டுவாரியாக எடை போடுங்கள். ஒரே தட்டுப் பருப்பை உரித்த எல்லோரிடமும் உடைசல் கூடியிருந்தால் கோளாறு போர்மாவில்தான். அந்தக் கணக்கைத் தொழிலாளிகளும் பார்க்கும்படி எடை மேசைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதுவரை பிடித்தத்தை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
முந்திரித் தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்யும் நாங்கள்